பிள்ளைகள் கிளைடர் போட்டி: திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள்

கோடை விடுமுறை வந்தால் என் போனுக்கு ஓய்வு கிடையாது. ராமநாதபுரம் பக்கம் தேவிபட்டினத்துக்கும் திருப்புல்லாணிக்கும் இடையில் எந்தக் கண்மாய் அந்த வருடம் நன்றாக வற்றிக் காய்ந்து கிடக்கிறதோ, அங்கே பிள்ளைகளுக்கு ஒரு கிளைடர் போட்டி நடத்துகிறோம். பதிவு நோட்டு என் கையில் இருப்பதால் சந்தேகமெல்லாம் என்னிடமே வந்து சேரும். அதில் முக்கால்வாசி பிள்ளைகளிடமிருந்து வருவதில்லை, அவர்கள் வீட்டுப் பெரியவர்களிடமிருந்து வருகிறது. சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

கிளைடர்னா ரிமோட்டுல பறக்குமே, அந்த விமானமா?

இல்லை. எஞ்சின், மோட்டார், ரிமோட் எதுவும் கிடையாது. கையால் எறிவது ஒன்று, ரப்பர் கவட்டையில் இழுத்து விடுவது இன்னொன்று. கையை விட்டுப் போனதும் அது பாட்டுக்குப் பறக்கும், நாம் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். எத்தனை விநாடி காற்றில் இருந்தது என்பதே மதிப்பெண். எவ்வளவு தூரம் போனது, எவ்வளவு அழகாகப் போனது என்பதற்கெல்லாம் ஒன்றும் இல்லை.

உலக அளவில் எஃப்.ஏ.ஐ. என்ற சர்வதேச வான்விளையாட்டு அமைப்பு நடத்தும் போட்டிகளில் 50 மீட்டர் கயிற்றில் பட்டம் மாதிரி இழுத்து ஏற்றிவிடும் பெரிய கிளைடர்கள் உண்டு. எஃப்1ஏ என்ற வகைக்குக் குறைந்தபட்சம் 410 கிராம் எடை இருக்க வேண்டும். அதன் தம்பி எஃப்1எச், 220 கிராம். அதையெல்லாம் நாங்கள் இங்கே பிள்ளைகளுக்கு வைப்பதில்லை. ஆனால் விதி என்று வரும்போது அவர்கள் புத்தகத்தைப் பார்த்துக்கொள்வோம், ஊருக்கு ஒத்து வருவதை எடுத்துக்கொண்டு ஒத்து வராததை விட்டுவிடுவோம்.

எந்த வயசு வரைக்கும் ஜூனியர்? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

ஆளாளுக்கு ஒன்று சொல்வதில் ஆச்சரியமில்லை, உலகத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. எஃப்.ஏ.ஐ. விதியில் 18 வயது நிறையும் அந்தக் காலண்டர் வருடம் முடியும்வரை ஜூனியர். அமெரிக்காவின் மாதிரி விமானச் சங்கமான ஏ.எம்.ஏ.வில் ஜூனியர் என்றால் ஏறக்குறைய 14 வயது வரைதான், அதற்கு மேல் 18 வரை உள்ளவர்களை அவர்கள் சீனியர் என்கிறார்கள், முழுப் பெரியவர்களுக்கு ஓப்பன் என்று பெயர். வார்த்தையை மட்டும் வைத்துச் சண்டை போட்டால் தீராது.

எங்களிடம் இரண்டு பிரிவு. 13 வயது நிறையும் வருடம் வரை சின்னப் பிரிவு. அதற்கு மேல், 18 நிறையும் வருடம் வரை பெரிய பிரிவு. அதையும் தாண்டினால் பெரியவர்கள் போட்டி, அது மதியம் மாதிரி ஒரு நேரத்தில் ஒப்புக்கு நடக்கும்.

எம் மகனுக்கு டிசம்பர்லதான் 14 முடியுது. இப்ப மே மாசம், அவனுக்கு இன்னும் 13தானே?

வருடம்தான் கணக்கு, மாதம் இல்லை. இந்த வருடத்துக்குள் 14 நிறைகிறது என்றால் ஜனவரியில் நிறைந்தாலும் டிசம்பரில் நிறைந்தாலும் பெரிய பிரிவுதான். போட்டித் தேதியை வைத்து வயது பார்த்தால் ஒவ்வொரு வருடமும் தேதியை எப்போது வைப்பது என்பதே சண்டையாகிவிடும். ஒரு வருடம் அப்படி ஆகிவிட்டது, அதனால்தான் சொல்கிறேன்.

சான்றுக்குப் பள்ளி அடையாள அட்டையோ ஆதாரோ போதும். "அது ஸ்கூல்ல சேக்குறதுக்காகப் போட்ட தேதி சார், உண்மையான தேதி வேற" என்று சொல்லாதீர்கள். தெரியும். நம் பக்கம் பாதிப் பிள்ளைகள் மே மாதத்தில் பிறந்தவர்கள் எப்படி ஆனார்கள் என்று எனக்கும் தெரியும், என் சொந்தச் சான்றிதழிலேயே மே மாதம்தான் இருக்கிறது. அட்டையில் என்ன இருக்கிறதோ அதுதான்.

கிளைடரை யார் செய்யணும்? கடையில வாங்கினது, வாப்பா செஞ்சு குடுத்தது எல்லாம் செல்லுமா?

சின்னப் பிரிவில் செல்லும். பத்து வயதுப் பிள்ளை கையில் பிளேடைக் கொடுத்து இறக்கை வெட்டச் சொல்ல எனக்கு மனசு வராது. பெரிய பிரிவில் செல்லாது, சொந்தமாகச் செய்ததுதான். வரைபடம் யாருடையதாகவும் இருக்கலாம். வெட்டுவது, ஒட்டுவது, தேய்ப்பது பிள்ளையின் கையாக இருக்க வேண்டும்.

ஆனால் எந்தப் பிரிவாக இருந்தாலும் களத்துக்கு வந்தபின் அதைத் தொடுவது பிள்ளை மட்டும்தான். சமன் பார்ப்பது, வால் திருத்துவது, உடைந்தால் ஒட்டுவது, எறிவது எல்லாம். இந்த ஒரு விதியை மட்டும் தளர்த்தியதே இல்லை.

சரி, அப்பா செஞ்சதா பிள்ளை செஞ்சதான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? நெத்தியில எழுதியா இருக்கு?

எழுதியிருக்காது. முதல் இரண்டு வருடம் "நானே செய்தேன்" என்று கையெழுத்து வாங்கிப் பார்த்தோம். எல்லோரும் போட்டார்கள். வழவழவென்று தேய்த்து வார்னிஷ் அடித்து, தச்சர் பட்டறையிலிருந்து நேராக வந்த மாதிரி ஒரு கிளைடர், கொண்டு வந்த பையனுக்கு எது முன்விளிம்பு எது பின்விளிம்பு என்று தெரியவில்லை. அவனும் கையெழுத்துப் போட்டிருந்தான். பிள்ளையைப் பொய் சொல்ல வைத்ததுதான் நாங்கள் கண்ட பலன்.

அப்புறம் வேறு மாதிரி யோசித்தோம். யார் செய்தது என்று துருவுவதை விட்டுவிட்டு, யாருக்கு அதைச் சரி செய்யத் தெரிகிறது என்று பார்க்க ஆரம்பித்தோம். காலையில் பதிவு மேசையில் கிளைடரின் மூக்கில் சமனுக்காக வைத்திருக்கும் களிமண்ணை நாங்களே எடுத்துவிடுவோம். பிள்ளை பத்து நிமிடத்துக்குள் மறுபடி வைத்து, சமன் பார்த்து, ஒரு தடவை மெதுவாக எறிந்து காட்ட வேண்டும். பெரியபட்டினம் பக்கத்திலிருந்து ஒரு சிறுமி வந்திருந்தாள், ஆறாம் வகுப்பு முடித்தவள். களிமண்ணை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டி மிளகு அளவு வைத்து எறிந்தாள். கிளைடர் மூக்கைத் தூக்கித் தூக்கி அலை மாதிரி குலுங்கி இறங்கியது. ஒன்றும் பேசாமல் போய் எடுத்து வந்து, அரிசி அளவு இன்னும் கொஞ்சம் கிள்ளி அப்பினாள். இந்தத் தடவை நேராகப் போய் முழங்கால் உயரப் புல்லில் உட்கார்ந்தது. அவள் மாமா செய்த கிளைடர் அது, அவளே சொன்னாள். சின்னப் பிரிவு என்பதால் தடையில்லை. அந்தச் சமன் மட்டும் முழுக்க அவளுடையது.

பெரிய பிரிவில் இதோடு கூடுதலாக ஒன்றிரண்டு கேள்வி கேட்போம். இறக்கை நுனி ஏன் மேலே தூக்கியிருக்கிறது, எங்கே ஒட்டும்போது சிரமமாக இருந்தது என்கிற மாதிரி. செய்தவனுக்கு இரண்டாவது கேள்விக்குப் பதில் வந்துகொண்டே இருக்கும், நிறுத்தத்தான் சிரமம்.

பால்சா வாங்க வசதி இல்ல. தெர்மாகோல்ல செஞ்சா தோத்துருவானா?

பால்சா மரம் நல்ல சாமான், மறுக்கவில்லை. எடை குறைவு, அதே நேரம் விறைப்பாக நிற்கும். நம் ஊரில் கிடைக்காது, வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டும், வரும்போதே ஒரு பலகை ஒடிந்து வரும். தெர்மாகோல் அதைவிட லேசு, ஆனால் வளையும். கவட்டையில் வேகமாக விட்டால் இறக்கை படபடக்கும். அடியில் ஒரு மூங்கில் ஈர்க்கு ஒட்டிவிட்டால் ஓரளவு சரியாகும். சூப்பர் குளூ போடாதீர்கள், தெர்மாகோலைக் கரைத்துவிடும். பெவிக்கால் போட்டு ஒரு ராத்திரி விடுங்கள்.

வசதி உள்ளவன், இல்லாதவன் வித்தியாசம் சின்னப் பிரிவில்தான் அதிகம் தெரிந்தது. அதனால் அங்கே ஒரு சுற்றைப் பொதுச் சுற்றாக வைத்துவிட்டோம். எல்லோருக்கும் ஒரே அட்டை, ஒரே அளவு, இறக்கை 45 சென்டிமீட்டருக்கு மேல் கூடாது. காலையில் அங்கேயே உட்கார்ந்து ஒட்டி அங்கேயே எறிய வேண்டும். ஒரு மணி நேரம் புளியமரத்தடி முழுக்கப் பெவிக்கால் வாசனையாக இருக்கும்.

பெரிய பையன் எறிஞ்சா மேல போகுது. சின்னவன் எறிஞ்சா தலைக்கு மேலயே சுத்தி விழுது. இதுல என்ன நியாயம்?

நியாயமில்லைதான். இதைக் கேட்டவர் ஒரு பாட்டி, பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தவர், கேட்ட விதத்தில் எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். வேகம் ஒன்றரை மடங்கானால் உயரம் ஒன்றரை மடங்கு ஆவதில்லை, இரண்டேகால் மடங்கு ஆகிறது. காற்றுத் தடையை விட்டுவிட்டுப் பார்த்தால், விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் நேர் மேலே எறிந்தது சுமார் 5 மீட்டர் ஏறும், 15 மீட்டர் வேகத்தில் எறிந்தது பதினொன்றரை மீட்டர் ஏறும். கிளைடர் விநாடிக்கு 60 சென்டிமீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால் ஒருவனுக்கு எட்டு விநாடி, இன்னொருவனுக்குப் பத்தொன்பது. இரண்டு பேரும் ஒரே மாதிரி அருமையாகச் செய்திருந்தாலும் இதுதான் முடிவு. தோள்பட்டைதான் ஜெயிக்கிறது, கிளைடர் இல்லை.

அதனால் சின்னப் பிரிவில் கையால் எறிவதை எடுத்துவிட்டோம், கவட்டை மட்டும்தான். ரப்பரும் கைப்பிடியும் நாங்கள் கொடுப்பது. கைப்பிடியிலிருந்து ஒரு நூல் கட்டியிருப்போம், அது விறைத்துவிட்டால் அதற்கு மேல் இழுக்க முடியாது. எட்டு வயதுப் பிள்ளையும் பதிமூன்று வயதுப் பிள்ளையும் அந்த அளவுக்கு இழுத்துவிடுவார்கள், ரப்பர் எல்லோருக்கும் ஒரே வேலையைத்தான் செய்யும். ஒவ்வொரு சுற்றுக்கும் புது ரப்பர். வெயிலில் கிடந்த ரப்பர் தளர்ந்துபோகும் என்பதால் டிபன் டப்பாவுக்குள் போட்டு நிழலில் வைத்திருப்போம்.

பெரிய பிரிவில் கையெறி உண்டு. அங்கே தோள் பலமும் பழக்கமும் விளையாட்டின் ஒரு பகுதி என்று விட்டுவிட்டோம். இது எங்கள் முடிவு, வேறு மாதிரி நினைப்பவர்களும் எங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள்.

பொம்பளப் பிள்ளைகளுக்குத் தனியா வைக்கலாமே?

எதற்கு? மேலே சொன்ன கவட்டையில் ஆண் பெண் வித்தியாசமே இல்லை. தனியாக வைத்தால் "பெண்களில் முதல்" என்று ஒரு ஓரத்தில் உட்கார வைத்த மாதிரி ஆகும்.

பெண் பிள்ளைகள் வராமல் போனதற்குக் காரணம் வேறு. எறிந்த கிளைடரைத் துரத்திக்கொண்டு சீமைக்கருவேலத்துக்குள் ஓட வேண்டும், வீட்டில் விடமாட்டார்கள். அப்புறம், கண்மாயில் ஒதுங்க இடம் கிடையாது, அரை நாள் எப்படி இருப்பது? இது இரண்டையும் ஒரு அம்மா சொன்ன பிறகுதான் எங்கள் மண்டையில் ஏறியது. இப்போது எடுத்து வருவதற்குத் தனியாக ஆறு பேர், எல்லோருடைய கிளைடரையும் அவர்கள்தான் எடுத்து வருவார்கள். பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடமோ கல்யாண மண்டபமோ இருந்து, கழிப்பறைச் சாவி கையில் கிடைத்தால்தான் அந்தக் கண்மாயைத் தேர்ந்தெடுக்கிறோம். அதன் பிறகு வரும் பெண் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் கேள்வியே தேவைப்படாது.

காத்து நேரத்துக்கு நேரம் மாறுதே. பிந்தி எறியறவனுக்கு நஷ்டம்தானே?

வரிசை நம்பர் போட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டால் நஷ்டம்தான். அதனால் அப்படிக் கூப்பிடுவதில்லை. ஒரு சுற்று என்றால் இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் எறியலாம், காத்திருப்பதும் உடனே எறிவதும் பிள்ளையின் இஷ்டம். மணி அடித்தபின் எறிந்தால் கணக்கில் வராது. இப்படி ஐந்து சுற்று, எல்லாம் காலை பத்து மணிக்குள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு கடல் காற்று ஏறிவிடும், மே கடைசியில் கச்சான் என்ற மேல்காற்று வேறு சேர்ந்துகொண்டால் கிளைடர் பக்கவாட்டில்தான் பறக்கும்.

எப்போது எறிவது என்று கண்டுபிடிப்பது இந்த விளையாட்டின் பாதி. தரை சூடேறினால் அங்கங்கே வெந்நீர்க் குமிழி மாதிரி காற்று மேலே கிளம்பும், அதில் மாட்டினால் கிளைடர் இறங்காது. அது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அடையாளம் உண்டு. செம்பருந்து இறக்கையை அடிக்காமல் வட்டம் போட்டால் அங்கே இருக்கிறது. கன்னத்தில் பட்டுக்கொண்டிருந்த காற்று திடீரென்று நின்று, ஒரு வெக்கை வந்தால் பக்கத்தில் இருக்கிறது. ஒரு பையன் குச்சி நுனியில் கோழி இறகைக் கட்டி நட்டு வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு பதினெட்டு நிமிடம் உட்கார்ந்திருந்தான். நேரம் போகிறதே என்று எனக்குத்தான் வியர்த்தது.

பக்கத்துல நின்னு "இப்ப எறிடா"ன்னு சொல்லலாமா?

சின்னப் பிரிவில் ஒரு உதவியாளர் கூட நிற்கலாம், சொல்லலாம், கிளைடரைத் தொடக்கூடாது. பெரிய பிரிவில் வலைக்கயிறு போட்டு ஒரு வட்டம் கட்டியிருப்போம், அதற்குள் பிள்ளை மட்டும். வெளியிலிருந்து சொல்லவும் கூடாது. சர்வதேசப் போட்டிகளில் உதவியாளர் கூட இருப்பது சாதாரணம், நாங்கள் இதில் அவர்களைவிடக் கறாராக இருக்கிறோம் என்பது உண்மைதான்.

ஏன் என்றால், ஒரு வருடம் ஒருவர் வாயைத் திறக்காமல் தோள் துண்டாலேயே மகனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். துண்டு இடது தோளுக்கு மாறினால் பொறு, உதறினால் எறி. இரண்டு சுற்று யாரும் கவனிக்கவில்லை. மூன்றாவது சுற்றில் உண்மையாகவே ஒரு எறும்பு ஏறி அவர் துண்டை உதற, பையன் எறிந்துவிட்டான், ஒன்பது விநாடி. அவரே வந்து சிரித்துக்கொண்டு சொன்னதால்தான் எங்களுக்குத் தெரியும்.

நேரம் யாரு எடுப்பா? சொந்தக்காரங்களா இருந்தா கூட்டிப் போட மாட்டாங்களா?

இரண்டு பேர் தனித்தனியாக ஸ்டாப்வாட்ச் பிடிப்பார்கள். இருவருடைய சராசரி எடுத்து, மிச்சமிருக்கும் பின்னத்தை வெட்டிவிட்டு முழு விநாடி மட்டும் எழுதுவோம். இது எஃப்.ஏ.ஐ. வழக்கம்தான். சொந்தப் பிள்ளைக்கோ ஒரே தெருப் பிள்ளைக்கோ யாரும் நேரம் பிடிக்கக் கூடாது. பெரிய பிரிவுப் பிள்ளைகளே சின்னப் பிரிவுக்கு நேரம் பிடிக்கிறார்கள், பெரியவர்களைவிட அவர்கள் கறார்.

பனைக்குப் பின்னால் மறைந்தால் கடிகாரத்தை நிறுத்தாமல் 10 விநாடி காத்திருக்க வேண்டும். மறுபடி தெரிந்தால் தொடரலாம், தெரியாவிட்டால் அந்தப் பத்தைக் கழிக்க வேண்டும். பனையில் மோதி மாட்டிக்கொண்டால் அதோடு முடிந்தது. எங்களிடம் நேரம் பிடிப்பவர்களில் இரண்டு பேர் கடலுக்குப் போகிறவர்கள். நான் காணவில்லை என்று சொல்லும்போது அவர்கள் "அந்தா இருக்கு, இப்பதான் திரும்புது" என்பார்கள்.

எறிஞ்ச உடனே தலைகுப்புற விழுந்துருச்சு. இன்னொரு தடவை எறியலாமா?

ஐந்து விநாடிக்குள் விழுந்தால் அதே சுற்றில் ஒரே ஒரு மறுவாய்ப்பு. எஃப்1ஏ விதியில் இந்த எல்லை 20 விநாடி, நம் பிள்ளைகளின் சின்னக் கிளைடருக்கு அது அதிகம். வானத்தில் இரண்டு கிளைடர் மோதிக்கொண்டால் எடுத்த நேரத்தை வைத்துக்கொள்வதா, மறுபடி எறிவதா என்பதைப் பிள்ளையே சொல்லலாம். ஒருவன் வைத்துக்கொண்டு இன்னொருவன் மறுபடி எறிந்தாலும் சரி.

கிளைடர் காணாமப் போயிட்டா அவ்வளவுதானா?

காணாமல் போகாமல் இருக்கத்தான் ஒரு பறப்புக்கு அதிகபட்சம் 45 விநாடி என்று வைத்திருக்கிறோம். அதற்கு மேல் எவ்வளவு பறந்தாலும் 45தான். விநாடிக்கு 3 மீட்டர் காற்று இருந்தால் 45 விநாடியில் 135 மீட்டர் தள்ளிப் போயிருக்கும், கண்மாய்க்குள்ளேயே விழும். இரண்டு நிமிடம் என்று வைத்தால் 360 மீட்டர், கருவேலங்காட்டுக்கு நடுவில். அதன் முள் ஒரு தடவை செருப்பைத் தாண்டிக் காலில் ஏறியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

பெரிய பிரிவில் சிலர் குறிப்பிட்ட நேரத்தில் வாலைத் தூக்கிக் கிளைடரைக் கீழே இறக்கும் ஏற்பாடு வைக்கிறார்கள். வைக்கலாம், ஆனால் நெருப்புத் திரி கூடாது. பழைய காலத்தில் திரி எரிந்து நூலை அறுக்கிற மாதிரிதான் வைப்பார்கள், காய்ந்த கோரை நிற்கும் கண்மாயில் மே மாதம் அது விழுந்தால் என்ன ஆகும்? அப்படியும் தொலைந்தால், உடைந்தால், பொதுக் கிளைடர் நான்கு வைத்திருக்கிறோம். அதை வாங்கி மீதிச் சுற்றை எறியலாம், மதிப்பெண் குறையாது.

உச்சிப்புளியில நல்ல மைதானம் இருக்கு, அங்க வைங்களேன். இல்லன்னா கடற்கரையில?

உச்சிப்புளியில் கடற்படையின் விமானத்தளம் இருக்கிறது, 2009 முதல் அதற்கு ஐ.என்.எஸ். பருந்து என்று பெயர். அதன் சுற்றுவட்டாரத்தில் நூறு கிராம் அட்டையைக்கூட நாங்கள் பறக்க விடுவதில்லை, இதில் பேச்சே இல்லை. கடற்கரையில் மணல் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் காற்று திரும்பினால் கிளைடர் கடலுக்குள், பின்னாலேயே பிள்ளையும். காயப்போட்ட வலை, கருவாடு என்று அடுத்தவர் பிழைப்பு வேறு கிடக்கிறது.

ஞாயித்துக்கிழமை பூசை, வெள்ளிக்கிழமை ஜும்மா, மத்த நாள் டியூஷன். எப்பதான் வருவாங்க?

சனிக்கிழமை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், 61 நாள். அப்பாக்கள் வீட்டில் இருப்பார்கள், பள்ளி விடுமுறை, கண்மாயும் காய்ந்திருக்கும். இதைவிட்டால் வேறு நாள் கிடையாது. தடைக்காலத்தில் வீட்டில் காசு இருக்காது என்பதும் தெரியும், அதனால்தான் நுழைவுக் கட்டணம் வாங்குவதில்லை.

மதுரை, சென்னைப் பிள்ளைங்க வந்து பரிசத் தூக்கிட்டுப் போறாங்க. நம்ம பிள்ளைகளுக்கு மட்டும்னு வச்சா என்ன?

இந்த ஒரு கேள்விக்கு எங்கள் கூட்டத்தில் நாற்காலி தள்ளும் அளவுக்குச் சண்டை நடந்தது. என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்த பிள்ளைகளுக்கு மாதிரி விமானம் செய்யச் சொல்லித்தர ஆள் இருக்கும், நம் பிள்ளைகளுக்கு நாங்கள்தான். வித்தியாசம் உண்டு. ஆனால் கதவைச் சாத்தினால் நம் பிள்ளைகள் நல்ல கிளைடரைக் கண்ணால் பார்ப்பதற்கே வழியில்லாமல் போகும். பரிசளிப்பு மேடையில் வருகிறவரெல்லாம் கலாம் ராமேஸ்வரத்தில் பிறந்தவர் என்று பேசிவிட்டுப் போகிறார்கள், அந்தப் பேச்சைவிட ஒரு மதுரைப் பையன் தன் கிளைடரைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டி விளக்கியதில் நம் பிள்ளைகள் அதிகம் கற்றுக்கொண்டார்கள். முதல் தடவை கலந்துகொள்பவர்களுக்கு மட்டும் தனிப் பரிசு ஒன்று வைத்தோம். சண்டை முழுதாகத் தீரவில்லை.

எம் பொண்ணு சின்னப் பிரிவு. பெரிய பிரிவுலயும் எறியலாமா? ரெண்டு பரிசும் கிடைக்குமா?

எறியலாம், மேலே போக யாருக்கும் தடையில்லை, கீழே இறங்கத்தான் முடியாது. ஆனால் அங்கே கையெறி, சொந்தமாகச் செய்தது என்று அந்தப் பிரிவின் விதிதான். ஒரே பறப்பை இரண்டிலும் எழுத முடியாது. இரண்டிலும் ஜெயித்தால் இரண்டும் அவளுக்குத்தான், இதில் என்ன சந்தேகம்?

தீர்ப்பு தப்புன்னு தோணுச்சுன்னா யார்கிட்ட சொல்றது?

சுற்று முடிந்து பதினைந்து நிமிடத்துக்குள் பதிவு மேசையில் சொல்ல வேண்டும். பிள்ளைதான் சொல்ல வேண்டும், பெரியவர்கள் கூட நிற்கலாம். சர்வதேசப் போட்டிகளில் புகார் கொடுக்கப் பணம் கட்டி, ஜெயித்தால் திரும்ப வாங்கிக்கொள்ளும் வழக்கம் உண்டு, பிள்ளைகளிடம் அதெல்லாம் வேண்டாம். மூன்று பேர் முடிவு சொல்வோம், அதில் ஒருவர் பெரிய பிரிவில் போன வருடம் எறிந்த பிள்ளை.

பிள்ளை சொல்ல வேண்டும் என்று வைத்த பிறகு புகார்கள் மிகவும் குறைந்துவிட்டன. "போய்ச் சொல்லு" என்று தள்ளிவிட்டால் பாதிப் பிள்ளைகள் "இல்லப்பா, அது சரியாத்தான் எழுதியிருக்காங்க" என்று திரும்பிவிடுகிறார்கள்.

தப்புப் பண்ணது பெரியவங்க. அதுக்குப் பிள்ளையை வெளியேத்தலாமா?

வெளியேற்றுவதில்லை. ஒருமுறை இடைவேளையில் ஒருவர் மகளின் கவட்டை ரப்பரை மாற்றி வேறொன்றைப் போட்டுவிட்டார், இரண்டு சுற்றுக்கு அது தெரியவில்லை. அந்த இரண்டு பறப்பையும் ரத்து செய்தோம், அவரை மேட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொன்னோம், பிள்ளைக்கு எங்கள் ரப்பரைக் கொடுத்து அந்த இரண்டையும் மறுபடி எறிய விட்டோம். "அவளுக்கு மட்டும் ரெண்டு வாய்ப்பா" என்று மற்றவர்கள் கேட்டார்கள், கேள்வி சரியானதுதான். அந்தப் பிள்ளைக்கு ரப்பர் மாறியதே தெரியாது என்பதுதான் எங்கள் பதில். பிள்ளையே தெரிந்து செய்தது என்றால் அந்தப் பறப்புகள் பூஜ்ஜியம், மறுவாய்ப்பு கிடையாது, ஆனால் மிச்சச் சுற்றுகளை எறியலாம்.

பரிசெல்லாம் குடுத்த பிறகு பிள்ளையே வந்து "இது நான் செஞ்சதில்ல"ன்னு சொன்னா?

நடந்தது. பெரிய பிரிவு, பதினைந்து வயதுப் பையன், முதல் பரிசு. களிமண் சோதனையில் தேறினான், கேள்விகளுக்கும் பதில் சொன்னான், கிளைடரைப் பற்றி அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இரண்டு நாள் கழித்து என் வீட்டுக்குச் சைக்கிளில் வந்து, இறக்கையைச் சித்தப்பாதான் தேய்த்தார் என்று சொல்லிவிட்டுக் கோப்பையைத் திண்ணையில் வைத்தான். எங்களிடம் இதற்கு விதி எதுவும் இல்லை.

அவனுடைய நேரத்தைப் பெரிய பிரிவுக் கணக்கிலிருந்து எடுத்தோம், இரண்டாவதாக வந்தவனை முதலாவதாக்கிச் சான்றிதழை மாற்றி எழுதினோம். அடுத்த வருடம் எறியத் தடையில்லை என்றும் சொன்னோம், இதை எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. சித்தப்பா என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவார். முதலாவதாக ஆனவனிடம் கோப்பையைக் கொடுக்கப் போனபோது இரண்டாம் பரிசைத் திருப்பிக் கேட்க வேண்டியிருந்தது, அது ஒரு ஸ்டீல் தண்ணீர் பாட்டில். அதற்குள் அவன் தங்கை அதன் மேல் ஆணியால் தன் பெயரைக் கீறிவிட்டிருந்தாள். மூன்றாவதாக வந்தவனுக்குப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டோம்.